வயது ஏறும்போது இணையமும் மாறிக்கொண்டே இருந்தால்: எதைக் கற்பது, எதை விடுவது

ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் கேட்ட கேள்வி இது. இணையம் பரவத் தொடங்கிய நாளிலிருந்தே அதைப் பயன்படுத்துபவர். மின்னஞ்சல், அரட்டை அறை, ஆர்குட், ஃபேஸ்புக் என்று எல்லாவற்றையும் பார்த்தவர். இப்போது ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் பொத்தானைத் தேடவேண்டியிருக்கிறது, நண்பர்கள் எந்தத் தளத்தில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, பிள்ளைகளிடம் கேட்டால் சலித்துக்கொள்கிறார்கள். "என் மூளை மந்தமாகிவிட்டதா? எல்லாவற்றையும் விரட்டிப் பிடிக்க வேண்டுமா, பேசாமல் ஒதுங்கிவிடலாமா?" என்கிறார்.

மந்தமாகவில்லை. எல்லாவற்றையும் விரட்டவும் வேண்டாம். ஆனால் ஒதுங்குவது இனி நடக்காத காரியம். வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம், பயணச்சீட்டு எல்லாமே கைபேசிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே எதைக் கட்டாயம் கற்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல ஆண்டுகள் மென்பொருள் துறையில் இருந்துவிட்டு, இப்போது பெரியவர்களுக்குக் கைபேசி சொல்லிக்கொடுக்கும் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஃபேஸ்புக் 2004இல் வந்தது. அப்போது ஒருவரின் பக்கத்துக்கு நாமே போய்த்தான் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீட் வந்தது. எல்லோருடைய நடமாட்டமும் தானாகவே நம் முன்னால் ஓடத் தொடங்கியது. லட்சக்கணக்கான பயனர்கள் எதிர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள். 2009இல் லைக் பொத்தான் வந்தது. 2013இல் ஐபோனின் முகமே மாறியது. பொத்தான் போலத் தெரிந்தவை வெறும் எழுத்துகளாகிவிட்டன. 2016இல் இன்ஸ்டாகிராம் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதை விட்டுவிட்டு, நமக்குப் பிடிக்கும் என்று தான் கணக்கிடும் வரிசைக்கு மாறியது. 2017இல் ஐபோன் எக்ஸ் ஹோம் பொத்தானையே எடுத்துவிட்டது. 2023இல் ட்விட்டர் தன் பெயரையே எக்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

இந்த மாற்றங்களில் ஒன்றையாவது பயனர்கள் கேட்டு வாங்கினார்களா? அநேகமாக இல்லை. விளம்பரம் கூடுதலாகக் காட்ட வேண்டும், போட்டித் தளத்தில் வந்த வசதியை நாமும் கொடுக்க வேண்டும், புதிய தலைவர் வந்தால் அவர் கைவண்ணம் தெரிய வேண்டும். பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு மெனு இடம் மாறுவதற்குப் பின்னால் ஆழ்ந்த ஞானம் இருக்கும் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட மாற்றங்களில் அதிகம் அடிபடுபவர் பழகியவர்தான். முதல்முறையாக ஒரு செயலியைத் திறக்கிற இளைஞருக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. உங்களுக்கோ இருபது வருடப் பழக்கம் விரல்களில் ஊறியிருக்கிறது. பொத்தான் வலது மூலையிலிருந்து கீழே போனால், புதிய இடத்தைக் கற்பதைவிடப் பழைய இடத்துக்குப் போகும் விரலைத் தடுப்பதுதான் கஷ்டம். நீங்கள் அனுபவிக்கிற எரிச்சலில் பெரும்பங்கு இதிலிருந்து வருவது. வயது அதன் மேல் கொஞ்சம் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் வயதால் ஒன்றுமே மாறவில்லையா என்றால், மாறுகிறது. அதை மறைத்துப் பேசி ஆறுதல் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. நாற்பதுகளிலிருந்தே கண்ணின் வில்லை விறைத்துக் கிட்டப் பொருள்கள் மங்குகின்றன. கண்மணி சிறுத்து, வில்லை மஞ்சளேறி, உள்ளே போகும் ஒளியும் குறைகிறது. காதில் முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். அதனால் மெல்லிய கீச்சொலியாக வரும் கைபேசி அறிவிப்புகள் காதில் விழாமல் போகலாம். டச் ஸ்கிரீன் விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. வயதாக ஆகத் தோல் வறண்டுபோவதால் தொட்டது அதற்குத் தெரியாமலே போகலாம். கைரேகை தேய்ந்துபோவதால் விரல் வைத்துத் திறக்கும் பூட்டு பலருக்கும் மக்கர் செய்கிறது. "நான் தொட்டால் மட்டும் வேலை செய்ய மாட்டேன் என்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது பிரமை இல்லை. விரலை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு தொடுங்கள், அல்லது முகம் காட்டித் திறக்கும் வசதிக்கு மாறுங்கள்.

மூளையிலும் மாற்றம் உண்டு. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார். பின்னர் அவரும் ஜான் ஹார்னும் சேர்ந்து அதை விரிவாக்கினார்கள். ஒன்று, முன்பின் தெரியாத சிக்கலை அந்த நேரத்தில் வேகமாக அவிழ்க்கும் திறன். இது இளவயதில் உச்சம் தொட்டு மெல்ல இறங்குகிறது. மற்றது, சேர்த்துவைத்த அறிவும் சொல்வளமும் அனுபவமும். இது அறுபதுகளிலும் வளரக்கூடியது. புதிய செயலியைத் திறந்தவுடன் "எதைத் தொட்டால் என்ன ஆகும்" என்று துழாவுவது முதல் வகைத் திறனைக் கேட்கிறது. "இந்த ஆள் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறான்" என்று சந்தேகப்படுவது இரண்டாவது வகை. செயலியை வடிவமைப்பவர்களுக்கு இருபத்தைந்து வயது என்பதால் முதல் வகைக்கு மட்டுமே அதில் மரியாதை கிடைக்கிறது.

வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க உலக அளவில் ஒரு வழிகாட்டி நெறி இருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும் என்கிறது அது. தொடும் பொத்தான்கள் ஒரு குறைந்தபட்ச அளவாவது இருக்க வேண்டும் என்றும் 2023இல் வந்த அதன் புதிய பதிப்பு சேர்த்திருக்கிறது. உங்களால் ஒரு திரையைப் படிக்க முடியவில்லை என்றால், அந்தத் திரையைச் செய்தவர் இந்த நெறியை மதிக்கவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். சரி, அவர் திருந்தும்வரை காத்திருக்க முடியாது. கைபேசியின் செட்டிங்ஸில் அணுகல் வசதிகள் என்று ஒரு பகுதி இருக்கும். எழுத்தைப் பெரிதாக்குவது, தடிமனாக்குவது, நிற வேறுபாட்டைக் கூட்டுவது, தொட்டுப் பிடித்திருக்கும் நேரத்தை மாற்றுவது, வீடியோவுக்கு எழுத்து வரியைப் போடுவது எல்லாம் அங்கேதான். ஐம்பது வயதான எல்லோரும் ஒருநாள் மாலை உட்கார்ந்து அந்தப் பகுதியை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்பேன். ஊனம் உள்ளவர்களுக்கு என்று அதை ஒதுக்கி வைத்திருப்பதால் பாதிப் பேர் எட்டிப்பார்ப்பதில்லை.

"இன்றைய பிள்ளைகள் பிறவியிலேயே கணினி தெரிந்தவர்கள்" என்ற பேச்சையும் இங்கே உடைத்துவிடலாம். 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கக் கல்வியாளர் இளைய தலைமுறையை டிஜிட்டல் மண்ணின் மைந்தர்கள் என்றும், மற்றவர்களைக் குடியேறிகள் என்றும் பிரித்தார். கேட்க நன்றாக இருந்ததால் பரவிவிட்டது. ஆய்வாளர்கள் பலர் அதை மறுத்தும் இருக்கிறார்கள். கைபேசியை வேகமாகத் தள்ளத் தெரிவது வேறு, அது எப்படி இயங்குகிறது என்று தெரிவது வேறு. கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, ஃபோல்டர் என்றால் என்ன, மின்னஞ்சலில் யாருக்கெல்லாம் நகல் போகிறது என்பதைப் பல இளைஞர்களைவிட உங்கள் தலைமுறை தெளிவாகச் சொல்லும். ஏனென்றால் அதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த காலத்தில் நீங்கள் பழகினீர்கள்.

எப்படிக் கற்பது என்பதற்கு வருகிறேன். நான் பார்த்தவரையில் பெரியவர்களுக்கு முக்கியத் தடை மறதி இல்லை. எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான். இளையவர்கள் தப்பான இடத்தைத் தொட்டால் பின்னே வந்து வேறு இடத்தைத் தொடுகிறார்கள். அவர்கள் கற்கும் முறையே அதுதான். கைபேசியில் நிஜமாகவே திரும்பப் பெற முடியாத செயல்கள் மிகச் சில: பணம் அனுப்புவது, நிரந்தரமாக அழிப்பது, எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுவது, ரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்வது. இந்த நான்கைத் தவிர மற்றவற்றில் தாராளமாகத் தொட்டுப் பாருங்கள்.

ஐந்தாறு படிகளை மனப்பாடம் செய்வது பலன் தராது. அடுத்த அப்டேட்டில் மூன்றாவது படி காணாமல் போய்விடும். அதற்குப் பதில், இந்தச் செயலியில் செட்டிங்ஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே செட்டிங்ஸின் உள்ளே ஒரு தேடல் கட்டம் இருக்கிறது. வேண்டியதை அங்கே தட்டச்சு செய்தால் அந்த இடத்துக்கே கூட்டிப்போய்விடும். இது தெரியாமல் மெனு மெனுவாக அலைபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அப்புறம், கைபேசியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். "கொடுங்கப்பா, நான் பண்ணித் தரேன்" என்று மகளோ மகனோ வாங்கி, நான்கு நொடியில் ஏதோ செய்து திருப்பித் தருவார்கள். வேலை முடிந்துவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கைபேசி உங்கள் கையிலேயே இருக்கட்டும். அவர்கள் வாயால் சொல்லட்டும். பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்: பொறுமை இல்லாத நாளில் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். சலிப்போடு சொல்லிக்கொடுத்த பாடம் "இனிமேல் கேட்கக் கூடாது" என்பதை மட்டும்தான் கற்றுத்தரும். குறிப்பெடுப்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் உங்கள் கையெழுத்தில், உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

கற்பதால் பலன் உண்டா என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பார்க் குழு 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஒரு பிரிவினர் மூன்று மாதம், வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் டிஜிட்டல் புகைப்படக் கலை போன்ற புதிய திறனைக் கற்றார்கள்; இன்னொரு பிரிவினர் கூடிப் பேசிப் பழகினார்கள். புதியதைக் கற்றவர்களுக்கே நினைவாற்றல் கூடுதலாக மேம்பட்டது. 2025இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்தும் முதியவர்களிடம் அறிவாற்றல் குறைபாடு குறைவாக இருந்தது. கருவியால் மூளை நன்றாக இருக்கிறதா, மூளை நன்றாக இருப்பவர்கள் கருவியைத் தொடுகிறார்களா என்பதை இதை வைத்து முடிவுசெய்ய முடியாது. ஆனால் திரை பார்த்தால் மூளை அழுகிவிடும் என்ற பயமுறுத்தலுக்கு இதில் இடமில்லை.

எதை விடுவது? இது எனக்குப் பிடித்த பகுதி. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. ஆறு நொடி வீடியோக்களின் வைன் 2013இல் வந்து, நான்கே ஆண்டில் போய்விட்டது. கூகுளின் சமூகத் தளமான கூகுள் பிளஸ் 2011இல் பெரும் ஆரவாரத்தோடு வந்து 2019இல் பொதுப் பயனர்களுக்கு முடிந்தது. யாஹூ குழுமங்கள் 2020இலும் ஸ்கைப் 2025இலும் கடையைக் கட்டின. மைஸ்பேஸ் என்ற பழைய சமூகத் தளம் மூடாமலேயே, சர்வர் மாற்றும்போது பயனர்கள் பல ஆண்டுகளாக ஏற்றிவைத்திருந்த பாடல்களையும் படங்களையும் இழந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. வைனைக் கற்காமல் விட்டவர் என்ன இழந்தார்? ஒன்றுமில்லை. புதிய தளம் வந்தால் ஓராண்டு பொறுத்திருந்து பார்ப்பது சோம்பேறித்தனம் ஆகாது. உங்களுக்கு வேண்டியவர்கள் அங்கே போய், அங்கேயே நிலைத்தால் அப்போது போகலாம்.

மறுபக்கம், மின்னஞ்சலைப் பாருங்கள். ரே டாம்லின்சன் 1971இல் முதல் கடிதத்தைக் கணினிகளுக்கிடையே அனுப்பினார். இன்னமும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. அது எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, எல்லோரும் ஏற்ற பொது விதிகளின் மேல் நிற்கிறது. ஆகவே உங்கள் உழைப்பை இப்படிப்பட்ட இடங்களில் போடுங்கள்: உங்கள் முதன்மை மின்னஞ்சல் கணக்கு, அதற்கான பூட்டு, உங்கள் தொடர்பு எண்களின் நகல், படங்களின் நகல். ஃபேஸ்புக்கில் பதினைந்து வருடப் படங்கள் இருக்கின்றன என்றால் அவை பத்திரமாக இருக்கின்றன என்று எண்ண வேண்டாம். கணக்குத் தகவலைத் தரவிறக்கும் வசதி பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எடுத்துத் தனியாக ஓர் ஹார்டு டிஸ்கில் போட்டுவையுங்கள்.

இனி மனிதர்கள். ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் முதுமை பற்றி நெடுநாள் ஆய்வு செய்தவர். எதிரே இருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் அறிமுகங்களைக் குறைத்து, மனதுக்கு நெருக்கமான சிலரைத் தேடுகிறார்கள் என்பது அவர் கோட்பாடு. சமூக ஊடகம் நேர் எதிர்த் திசையில் இழுக்கிறது. அதற்கு ஆள் எண்ணிக்கை வேண்டும், ஓயாத பதிவு வேண்டும். முன்பெல்லாம் ஃபீடில் நண்பர்கள் இருந்தார்கள். இப்போது முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் அமைப்பை 2006இல் வடிவமைத்தவர்களில் ஒருவரான ஏஸா ரஸ்கின், பின்னாளில் அதற்காகப் பகிரங்கமாகவே வருந்தினார். உங்களுக்கு ஃபீட் அலுப்பு தட்டுகிறது என்றால் காலத்தோடு ஒட்டவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். அது உங்களுக்காகச் செய்யப்பட்டதில்லை.

நான் சொல்லும் வழி எளியது. வேண்டிய பத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்து, அவர்களுடன் நேரடிச் செய்தியிலும் வீடியோ அழைப்பிலும் தொடர்பில் இருங்கள். ஃபீடை எப்போதாவது எட்டிப்பாருங்கள். மனிதர்களிடமிருந்து வரும் அறிவிப்புகளை மட்டும் விட்டுவைத்து, செயலிகள் தாமாக அனுப்பும் அறிவிப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துவிடுங்கள். பலருடைய கைபேசிப் பிரச்சினையில் பாதி இதிலேயே தீர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பேச்சு வழக்கம் மாறியிருப்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் ஒழுங்காக முற்றுப்புள்ளி வைத்து "சரி." என்று அனுப்பினால், மறுமுனையில் இருக்கும் இருபது வயதுக்காரர் "கோபமா இருக்காங்க போல" என்று நினைக்கலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கைபேசிச் செய்தியில் ஒற்றைச் சொல் பதில் முற்றுப்புள்ளியோடு முடிந்தால் அதில் உண்மைத்தன்மை குறைவாகத் தெரிகிறது என்று பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தார்கள். கட்டைவிரல் எமோஜியையும் சில இளையவர்கள் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு வேறொரு பக்கமும் உண்டு: கனடாவின் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம் 2023இல், ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பியதற்கு ஒரு விவசாயி பதிலாக அனுப்பிய கட்டைவிரல் எமோஜியைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, 82,000 கனடா டாலருக்கும் மேல் கட்டச் சொன்னது. இதற்காக உங்கள் நடையை மாற்ற வேண்டியதில்லை. தவறாகப் புரிந்துகொண்டால் ஏன் என்று தெரிந்திருந்தால் போதும். பேரக்குழந்தைகளின் படத்தை வெளியிடும் முன் அவர்களின் பெற்றோரைக் கேளுங்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பு.

ஃபார்வர்டு விஷயத்துக்கு வருவோம். இதில் நம் வயதுக்காரர்கள்மேல் உள்ள குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்து ஃபேஸ்புக் பகிர்வுகளை ஆராய்ந்து, 2019இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த கட்டுரை, 65 வயதைத் தாண்டியவர்கள் மிக இளைய பிரிவினரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு போலிச் செய்தித் தள இணைப்புகளைப் பகிர்ந்ததாகச் சொன்னது. அதே கட்டுரை, எல்லா வயதிலும் மிகப் பெரும்பான்மையோர் ஒரு போலிச் செய்தியைக்கூடப் பகிரவில்லை என்றும் சொன்னது; அந்த வரி அவ்வளவாகப் பரவவில்லை. ஒரே தகவலைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்றும் என்பது 1977இலிருந்தே சோதனைகளில் தெரிந்த ஒன்று. மூன்று குழுக்களில் ஒரே செய்தி வந்தால் மூன்று சாட்சிகள் கிடைத்ததுபோல இருக்கும். உண்மையில் சாட்சி ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020இல் அந்நிறுவனமே கட்டுப்பாடு போட்டது. எழுதியவர் யார் என்று தெரியாத மருத்துவக் குறிப்பை நான் அனுப்புவதே இல்லை.

மோசடியில் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு வரும் புகார்களைப் பார்த்தால், பணத்தை இழந்ததாகச் சொல்பவர்களில் இருபதுகளில் இருப்பவர்களின் விகிதம் எழுபதுகளில் இருப்பவர்களைவிட அதிகம். ஆனால் வயதானவர் ஏமாறும்போது போகும் தொகை பெரிது. வாழ்நாள் சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. ஆகவே "கிழவர்கள்தான் ஏமாறுவார்கள்" என்ற ஏளனத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த ஏளனத்துக்குப் பயந்துதான் பலர் ஏமாந்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்து, இரண்டாவது முறையும் ஏமாறுகிறார்கள். மோசடிக்காரர் எந்த வேடத்தில் வந்தாலும் மூன்று விஷயங்கள் இருக்கும்: அவசரம், பயம் அல்லது ஆசை, யாரிடமும் சொல்லாதே என்ற கட்டளை. மூன்றாவது வந்தவுடன் அழைப்பைத் துண்டித்துவிடலாம். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஓடிபி எண்ணை எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்காது. இப்போது சில நொடிப் பேச்சுப் பதிவு இருந்தாலே ஒருவரின் குரலைக் கணினியால் நகலெடுக்க முடிகிறது. மகன் குரலில் யாரோ பணம் கேட்டால், வைத்துவிட்டு மகனின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசிவைப்பதும் உதவும்.

கடவுச்சொல் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளில் பாதி காலாவதியானவை. பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் கலந்து, அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற வழக்கத்துக்கு முக்கியக் காரணம் 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் பில் பர் எழுதிய ஆவணம். 2017இல் அந்நிறுவனமே அந்த விதிகளைக் கைவிட்டது. எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக பர் சொன்னார். நீளமான கடவுச்சொல், ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு, கசிந்தால் மட்டும் மாற்றினால் போதும் என்பதே இன்றைய நிலை. நோட்டுப்புத்தகத்தில் எழுதி வீட்டில் பூட்டி வைத்தால் குற்றமா என்று கேட்பார்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். இணையத் திருடர் உங்கள் அலமாரியைத் திறக்க மாட்டார். கடவுச்சொல்லுக்குப் பதிலாக வரும் பாஸ்கீ என்ற வசதியை ஒரு தளம் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கைபேசியைத் திறப்பதுபோலவே திறக்கலாம், போலித் தளத்தில் தட்டச்சு செய்து ஏமாற வழியே இல்லை.

செயற்கை நுண்ணறிவைக் கண்டு பலர் "இதுவும் ஒன்றா" என்று சோர்ந்துபோகிறார்கள். நான் இதில் கொஞ்சம் நம்பிக்கையோடு இருக்கிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, கணினியிடம் சாதாரண வாக்கியத்தில் பேசலாம் என்றாகிவிட்டது. சைகை, மெனு, குறியீடு எதுவும் வேண்டாம். சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும். அது உங்கள் பலம். புரியாத பிழைச் செய்தி வந்தால் அப்படியே கொடுத்து எளிமையாக விளக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. ஆனால் தெரியாததையும் தெரிந்ததுபோல உறுதியாகச் சொல்லும் குணம் அதற்கு உண்டு. மருந்து, பணம், சட்டம் என்றால் அது சொன்னதை வேறிடத்தில் சரிபார்க்காமல் செய்யக் கூடாது. அடையாள அட்டை, வங்கி விவரங்களை அதில் போடவே வேண்டாம். செயற்கை நுண்ணறிவு செய்யும் படங்களைப் பொறுத்தவரை, கையில் விரல் கூடக் குறைய இருக்கிறதா என்று எண்ணிப் போலியைக் கண்டுபிடிக்கும் காலம் அநேகமாக முடிந்துவிட்டது. படம் எங்கிருந்து வந்தது, நம்பகமான வேறு யாரும் அதை வெளியிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதே வழி.

கடைசியாக, பலர் தள்ளிப்போடும் ஒரு வேலை. உங்கள் கணக்குகள் உங்களுக்குப் பின் யாரிடம் போக வேண்டும் என்று சொல்லிவையுங்கள். கூகுளில் செயல்படாத கணக்கு நிர்வாகி என்ற வசதி 2013இலிருந்து இருக்கிறது. குறிப்பிட்ட சில மாதங்கள் நீங்கள் உள்ளே வரவில்லை என்றால் நீங்கள் சொன்னவருக்குத் தகவலும் கோப்புகளும் போகும். இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை அந்நிறுவனம் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியிருப்பதால், பழைய படங்கள் இருக்கும் இரண்டாவது கணக்கு ஏதாவது இருந்தால் அதிலும் அவ்வப்போது நுழைந்துவிடுங்கள். ஃபேஸ்புக்கில் 2015இலிருந்தும், ஆப்பிளில் 2021 இறுதியிலிருந்தும் உங்களுக்குப் பின் கணக்கைக் கவனிக்கும் வாரிசுத் தொடர்பைக் குறிக்கலாம். அதைச் செய்ய உட்காரும்போதே, மின்னஞ்சல் கணக்கை மீட்க எந்தத் தொலைபேசி எண் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். எத்தனையோ பேருக்கு அது எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணாக இருக்கிறது. அந்த எண் இன்று வேறு யாருடைய கையிலோ இருக்கலாம், ஆகவே வேறெதற்கும் முன்னால் அதை மாற்றிவிடுங்கள்.